ஓசூர் குட்டை ஏன் குட்டையானது

கத்தி செய்கிற நம் ஆட்களின் போன மாதக் கூட்டத்தில் உங்களில் ஒருவர் எழுந்து, நீங்கள் எல்லோரும் ‘ஓசூர் குட்டை’ என்று பெயர் வைத்திருக்கும் ஒட்டுக்கத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு பேசினார். மாஞ்செடியில் ஒட்டுக் கட்டுகிற அந்தக் கத்தியின் நுனி குட்டையாக இருப்பது மணிக்கட்டின் சமநிலைக்காகவாம். அலகில் பளபளப்பு ஏற்றாமல் கோடு கோடாக விட்டிருப்பது செடியின் பால் ஒட்டாமல் வழிந்து போவதற்காகவாம். இந்த வட்டாரத்துக் கொல்லர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டறிந்த நுட்பமாம். நீங்கள் கை தட்டினீர்கள். நான் பின்வரிசையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டேன்.

தலைமுறையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அந்தக் கத்தி என் பட்டறையில், என் கண் முன்னால், ஒரே பகலில் குட்டையானது. எதனால் என்பதை எழுதி வைக்கிறேன். படித்த பிறகாவது மைக்கைப் பிடிக்கும் முன் கொஞ்சம் யோசிப்பீர்கள்.

என்னை அறியாத புதியவர்களுக்காக: ஓசூர் சிப்காட்டில், இரும்புப் பாகங்களைச் சூடேற்றிக் குளிரவைத்துப் பதமாக்கும் ஒரு கம்பெனியில், பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். சொந்த ஊர் விருதுநகர்ப் பக்கம். கம்பெனியை மூடிவிட்டார்கள். இரண்டாயிரங்களின் நடுவில் ராயக்கோட்டை சாலையில் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து உலை போட்டேன். சமையல் கத்தி, தக்காளித் தோட்டத்துக்கான கத்தி, ரோஜா வெட்டும் கத்தி என்று செய்து விற்றேன். இப்போது தோள்பட்டை போய்விட்டது. சுத்தியல் தூக்க முடிவதில்லை. வாய் மட்டும் நன்றாக வேலை செய்கிறது.

புதிதாக வருகிற எல்லோரும் ஏன் வாளில்தான் தொடங்குகிறீர்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஒரு வெங்காயக் கத்தியை ஒழுங்காகச் செய்து முடித்தவர்கள் உங்களில் எத்தனை பேர்? அந்தக் காலத்தில் ஒரு பொறியியல் பட்டதாரி தான் செய்த வாளைத் துணியில் சுற்றி, பைக்கின் பக்கவாட்டில் கட்டிக்கொண்டு, தேர்தல் நேரத்தில் ஜூஜுவாடி வழியாகப் பெங்களூருக்குக் கிளம்பினார். எல்லைச் சோதனைச் சாவடியில் நிறுத்தி, “இது என்ன?” என்று கேட்டிருக்கிறார்கள். “கலை சார்” என்று சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க நாங்கள் காவல் நிலைய வாசலில் நின்று, இவர் நல்ல குடும்பத்துப் பையன், ஒரு ஈயைக்கூட அடிக்கத் தெரியாது என்று சாட்சி சொன்னோம். அந்த வாளால் ஒரு கத்தரிக்காயைக்கூட அறுக்க முடியாது என்பதுதான் இன்னும் பெரிய வயிற்றெரிச்சல்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நம் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. அவரவர் கத்தியை அவரவர் சோதிக்கக் கூடாது. இன்னொருவர் கையில் கொடுக்க வேண்டும். அவர் அதன் வாயை, அதாவது வெட்டும் ஓரத்தை, பித்தளைக் கம்பியின் மேல் படுக்கவைத்து அழுத்தி இழுப்பார். நல்ல பதத்தில் இருக்கும் வாய் லேசாக வளைந்து, கம்பியை விட்டதும் நேராகிவிடும். பதம் அதிகமானால் பொரிந்து உதிரும். பதம் விட்டுப் போயிருந்தால் மடிந்தது மடிந்தபடியே நிற்கும். இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. ஆனால் அழுத்துகிற கை அடுத்தவருடையதாக இருக்க வேண்டும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எனக்கு அதைப் புரியவைத்தவர் ஜூஜுவாடி அருகே லேத் வைத்திருந்த ஒரு கன்னடக்காரர். என்னைவிட வயதில் சின்னவர். அதிகம் பேசமாட்டார். பரிசோதனைப் பிரிவில் இத்தனை வருடம் இருந்தவள் என்ற மிதப்போடு என் முதல் கத்தியை அவரிடம் கொண்டுபோனேன். கம்பியில் வைத்து ஓர் இழுப்பு. வெளிச்சத்தில் பார்த்தார். “பேடா மேடம்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டு லேத்துக்குப் போய்விட்டார். வேண்டாம் என்று அர்த்தம். ஏன் வேண்டாம், எங்கே தப்பு, ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் அந்த மனிதரைத் திட்டிக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து, நான் ஏற்கெனவே சோதித்திருந்த அதே கத்தியை அவர் அழுத்திய அளவுக்கு அழுத்தினேன். வாய் பொரிந்து உதிர்ந்தது. சொந்தக் கத்தியின் மேல் நம் கை தானாகவே இளகிவிடுகிறது. அதை நம்மால் தடுக்க முடியாது.

இப்போது சந்தோஷ். இன்று உங்களுக்கெல்லாம் அவன் ‘மாஸ்டர்’. அன்று பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு என் கொட்டகைக்கு வந்து நின்ற சேலத்துப் பையன். பையன் என்று சொன்னாலும் முப்பதை நெருங்கியவன், கல்யாணமானவன். கை நல்ல கை, அதை மறுக்க மாட்டேன். ஆனால் பளபளப்புப் பைத்தியம். எதைக் கொடுத்தாலும் கண்ணாடி மாதிரி ஆக்கி, போட்டோ எடுத்து, இன்டர்நெட்டில் கத்தி செய்பவர்கள் கூடும் பக்கத்தில் போட்டுவிட்டுத்தான் சாப்பிடவே போவான். யாரோ ஒரு வெள்ளைக்காரர் ‘அருமை’ என்று எழுதிவிட்டால் அன்றைக்கு அவன் கால் தரையில் நிற்காது.

அவன் என்னிடம் இருந்தபோது ஓர் ஆடியில் ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து முனிரத்தினம் வந்தார். மா நர்சரி வைத்திருப்பவர். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். ஒட்டுக் கட்டும் பெண்களுக்கு ஆளுக்கொரு கத்தி வேண்டும் என்றார்.

“போன வருசம் ஷேவிங் பிளேட ஒடிச்சு வச்சிகினு வேல செஞ்சாங்கம்மா. வெரல்லாம் கிழிஞ்சு போச்சு. ஒட்டும் பாதிக்கு மேல காஞ்சு போச்சு. இந்த வருசமும் அப்பிடி ஆச்சுன்னா நான் நர்சரிய மூடிட்டு மாடு மேய்க்கத்தான் போவணும்.”

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

பழைய பேரிங் வளையங்களை வெட்டி, நிமிர்த்தி, அடித்து, பதம் ஏற்றியது நான். தேய்த்து வாய் எடுத்து முடிக்க வேண்டியது சந்தோஷ். “சாதாரணமா முடி. தோட்டத்துக்குப் போற கத்தி” என்று படித்துப் படித்துச் சொன்னேன். தலையாட்டினான். தலையாட்டுவதில் உங்கள் எல்லோருக்கும் அவன் முன்னோடி.

கத்தியை வாங்கிப்போக முனிரத்தினம் காலையிலேயே வந்துவிட்டார். சந்தோஷ் துணியை விரித்து அடுக்கினான். கொட்டகைக்குள் வெளிச்சம் கூடியதுபோல இருந்தது. ஒவ்வொன்றும் கண்ணாடி. முனிரத்தினம் ஒன்றை எடுத்து மீசையைப் பார்த்துக்கொண்டார்.

“அடேயப்பா! சீவிக்கலாம் போல இருக்குதே. குடுங்கம்மா, நான் கெளம்பறன்.”

“கொஞ்சம் இருங்க. ஒரு தடவ பாத்துட்டுத் தாரேன்” என்று பித்தளைக் கம்பியை எடுத்தேன்.

“அக்கா, நான் எல்லாத்தையும் பாத்துட்டேன்” என்றான் சந்தோஷ். சொன்ன வேகம் எனக்குப் பிடிக்கவில்லை.

“நீ பாத்ததுனாலதான் நான் பாக்கேன்.”

பிடியருகில் அழுத்தினேன். வளைந்து நேரானது. நடுவில் அழுத்தினேன். அதுவும் சரி. நுனிக்கு வந்தேன். வாய் மடிந்தது, மடிந்தபடியே நின்றது. இன்னொன்றை எடுத்தேன். அதுவும் அப்படியே. மூன்றாவதிலும் நுனி மடிந்து நின்றதும் சந்தோஷின் பக்கம் திரும்பினேன்.

“தேய்க்கும்போது நீலம் வந்துச்சாடா?”

அவன் துணியின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். “கொஞ்சம் வந்துச்சுக்கா. நுனியில மட்டும்தான். பஃப் போட்டு மெருகேத்துனதும் போயிருச்சு.”

உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். பதம் ஏறிய இரும்பு மெலிந்த இடத்தில் சீக்கிரம் சூடாகும். கரண்டில் ஓடும் உப்புத்தாள் பெல்ட்டில் தேய்க்கும்போது ஒவ்வோர் இழுப்புக்கும் தண்ணீரில் நனைக்கவில்லை என்றால் நுனி முதலில் மஞ்சளாகும், பிறகு பழுப்பு, பிறகு நீலம். நீலம் வந்த இடத்தில் பதம் போய்விட்டது. அந்த நிறத்தைத் துடைத்து எடுப்பது, காய்ச்சல்காரனுக்குப் பவுடர் பூசி வேலைக்கு அனுப்புவது மாதிரி. இந்தத் தப்பைக் கத்தி செய்பவனைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாது. செய்தபின் அவனைத் தவிர வேறு யாருக்கும் தெரியவும் தெரியாது.

“வாளி பக்கத்துலதான இருந்துச்சு? ஏன் நனைக்கல?”

“தண்ணி பட்டா ஃபினிஷ் கெட்டுப்போகுதுக்கா. புள்ளி புள்ளியா நிக்குது.”

புள்ளி விழக்கூடாதாம். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். எதிரில் வாங்க வந்தவர் நிற்கிறாரே.

நீங்கள் என் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். வாங்குபவருக்குக் கத்தி பிடித்துவிட்டது. கிளம்ப அவசரப்படுகிறார். நான் கம்பியைக் கீழே வைத்தால் போதும், காரியம் முடிந்தது. அந்த நுனி முதல் சில செடிகளை அழகாகவே சீவும். பிறகு வாய் மடிந்து, சீவுவதற்குப் பதில் நசுக்கத் தொடங்கும். நசுங்கிய தண்டில் ஒட்டுப் பிடிக்காது. அது உடனே தெரியாது. ஒட்டிய குச்சி சில வாரம் பச்சையாகவே நின்று பிறகுதான் காயும். அப்போது யாரும் கத்தியைக் குறை சொல்ல மாட்டார்கள். ‘கை சரியில்லை’ என்று கட்டிய பெண்களைத்தான் சொல்வார்கள்.

சந்தோஷ் என் அருகில் வந்து தணிந்த குரலில், “அக்கா, மெஷின் கோளாறுன்னு சொல்லி ஒரு வாரம் டைம் கேளுங்க. புதுசா செஞ்சுடலாம்” என்றான்.

எனக்கும் அந்த யோசனை வராமல் இல்லை. முனிரத்தினத்திடம் கேட்டேன். “ஒரு வாரம் கழிச்சுத் தந்தா ஆகுமா?”

“வாரமா? எல கிள்ளிவுட்டாச்சும்மா! மொட்டு வீங்கிகினு நிக்குது. நாளைக்குக் காலையில பொம்பளைங்க வந்து உக்காந்துருவாங்க. நாலு நாள் போச்சுன்னா மொட்டு தொறந்துரும். அப்பறம் அந்தக் குச்சி அடுப்புக்குத்தான்.”

ஒட்டுக்குச்சி வெட்டுவதற்குச் சில நாட்கள் முன்பு இலைகளைக் கிள்ளிவிடுவார்கள். மொட்டு வீங்கும். அந்தப் பக்குவத்தில் வெட்டிக் கட்ட வேண்டும். மரம் யாருக்காகவும் காத்திருக்காது.

அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டேன். நுனி சூடாகிப் பதம் விட்டுவிட்டது, பளபளப்பில் அது மறைந்திருக்கிறது, இப்படியே கொண்டுபோனால் உங்கள் ஒட்டுக் காயும் என்றேன். பக்கத்தில் சந்தோஷின் காது சிவந்து போயிருந்தது.

முனிரத்தினம் கத்தியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். “ஏந்திரா இதி?”, என்னடா இது என்று தெலுங்கில் தொடங்கியவர் தமிழுக்கு வர வெகுநேரமாயிற்று. வந்த பிறகும் இங்கே எழுதும்படி எதுவும் சொல்லவில்லை.

அவர் மூச்சு வாங்கிய இடைவெளியில் நான் சொன்னேன். “பதம் விட்ட நுனிய வெட்டி எறிஞ்சுட்டு, மிச்சத்துல வாய் எடுத்துத் தாரேன். கத்தி குட்டையாப் போகும். அழகா இருக்காது. ஆனா நிக்கும். சாயங்கால பஸ்ஸுக்குள்ள முடிச்சுருவோம்.”

“இவனா செய்யறான்?”

“இவன்தான்.”

“அப்பன்னா நான் இங்கியே உக்காந்துக்கறன்” என்று ஓர் எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு, பெல்ட்டுக்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டார்.

சந்தோஷ் தொடங்கினான். நுனியைத் தேய்த்தெடுத்தான், வாளியில் நனைத்தான், மறுபடி தேய்த்தான். இரண்டு இழுப்பு சேர்ந்தாற்போல் போனால் போதும், எதிரிலிருந்து “நனைடா!” என்று ஓர் அதட்டல். அவருக்குக் கத்தி செய்வது பற்றி எதுவும் தெரியாது. நனைக்காததால் கெட்டது என்பது மட்டும் தெரியும். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். முடிந்த ஒவ்வொன்றையும் நான் கம்பியில் அழுத்திப் பார்த்தேன். நின்றது என்று நான் தலையசைத்த பிறகே அவர் அதைத் தன் துண்டில் வைத்துக்கொண்டார்.

பாதிகூட முடியவில்லை, கரண்ட் போய்விட்டது. அந்த வருடங்களில் கரண்ட் போவதற்கு நேரம் இருந்தது, வருவதற்குத்தான் இல்லை. பெல்ட் சுழன்று நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மூலையில் கையால் சுற்றும் பழைய சாணை ஒன்று கிடந்தது. இழுத்துப்போட்டுப் பலகையில் முடுக்கினேன். சுற்றுவதற்கு என் தோள் ஒத்துழைக்கவில்லை, அப்போதே மக்கர் செய்யத் தொடங்கியிருந்தது. முனிரத்தினம் எழுந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். “தள்ளும்மா” என்று கைப்பிடியைப் பிடித்துச் சுற்ற ஆரம்பித்தார். கத்தி வாங்க வந்த மனிதர்! அவர் சுற்ற, சந்தோஷ் பிடிக்க, நான் அழுத்திப் பார்க்க, தகரக் கொட்டகையின் ஆடி மாதப் புழுக்கத்தில் அந்தப் பகல் போயிற்று. நடுவில் நான் வாங்கிவந்த தக்காளிச் சாதத்தை மூவரும் நின்றபடியே தின்றோம். சாப்பிடும்போதுகூட அவர் அவனிடம் பேசவில்லை. சாணையைப் பிடித்ததும் மறுபடி “நனைடா!”

கல்லில் தேய்த்ததால் அலகெல்லாம் கோடு விழுந்தது. பஃப் போடக் கரண்டும் இல்லை, நேரமும் இல்லை, அந்தப் பேச்சை எடுக்கும் தைரியம் சந்தோஷுக்கும் இல்லை. பெல்ட்டில் முடித்திருந்தவற்றையும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று கல்லில் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டேன். இதுதான் உங்கள் ‘பால் வழிந்துபோகும் நுட்பம்’.

மழுங்கல் நுனியும் கீறல் அலகுமாக அவை துண்டில் கிடந்ததைப் பார்க்க எனக்கே சகிக்கவில்லை. முனிரத்தினம் மூட்டை கட்டினார். “காலையில கண்ணாடி மாதிரி இருந்துச்சு. இப்ப தேஞ்சு போன கரண்டி மாதிரி இருக்குது. பாப்பம்” என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார். அவர் உள்ளங்கை இரண்டும் கொப்பளித்திருந்தன.

அவர் தலை மறைந்ததும் சந்தோஷ் உலைத் திண்டில் உட்கார்ந்து, “நான் பெங்களூருக்கே போயிடறேன் அக்கா” என்றான். “தாராளமாப் போ. போறதுக்கு முந்தி வாளிய நெறச்சு வச்சுட்டுப் போ” என்றேன். ஆறுதல் சொல்ல எனக்கு வராது. வாளியை நிறைத்து வைத்தான். மறுநாள் வந்தான். இன்டர்நெட்டில் போட்டிருந்த அந்தக் கண்ணாடிக் கத்திகளின் போட்டோக்களையும் அவனாகவே எடுத்துவிட்டான்.

பிறகு வாரக்கணக்கில் ஒரு தகவலும் இல்லை. போன் செய்து கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. ஊத்தங்கரை பஸ் எது போனாலும் ஜன்னல்களைப் பார்ப்பேன். அந்தச் சில வாரங்கள் நான் பட்ட பாடு, கம்பெனியை மூடியபோதுகூடப் பட்டதில்லை.

ஒருநாள் முனிரத்தினம் வந்தார். கையில் ஒரு மாஞ்செடி, வேரில் மண்ணோடு. ஒட்டுக் கட்டிய இடத்துக்கு மேலே செம்புநிறத்தில் துளிர் விட்டிருந்தது. என்னிடம் ஒன்றும் சொல்லாமல் நேராகச் சந்தோஷிடம் போய் அதை நீட்டினார்.

“புடிச்சிருச்சுடா. இந்த வருசம் காஞ்சது ரொம்ப கம்மி. வெரலும் யாருக்கும் கிழியல.”

சந்தோஷ் செடியை வாங்கி, வேர் மண்ணில் தண்ணீர் தெளித்தான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. உலைப் புகை என்று சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வருடத்துக்குக் கத்தி கேட்டார். “இந்தத் தடவ சரியான நீளத்துல, நல்லா செஞ்சு தரேங்க” என்றான் சந்தோஷ்.

“அதெல்லாம் வாணாம். அதே மாதிரி குட்டையாவே குடு. பொம்பளைங்க செடிய மடியில வச்சிதான் கட்டறாங்க. நீட்ட நுனி இருந்தா பக்கத்துச் செடிய குத்துதாம். இதுதான் தோதுன்றாங்க.”

அவ்வளவுதான். மணிக்கட்டும் இல்லை, சமநிலையும் இல்லை. வெட்டி எறிய நேர்ந்தது, வேலைக்கு ஒத்துவந்தது, அப்படியே நின்றுவிட்டது. அடுத்த ஆர்டரிலிருந்து ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு சந்தோஷ் ஜூஜுவாடிக்குப் போனான். லேத்துக்காரர் கம்பியில் நுனியை மட்டும் அழுத்தி அழுத்திப் பார்த்தார். “ஆகுத்தே” என்றார். சரிப்படும் என்று அர்த்தம். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வர எனக்கு எத்தனை கத்தி ஆயிற்று என்பதை அவனிடம் நான் சொல்லவில்லை.

இனி, போன மாதக் கூட்டத்தில் நீங்கள் பார்த்தும் புரியாமல் போனதைச் சொல்கிறேன். முன்வரிசையில் பொன்னாடையோடு உட்கார்ந்திருந்தாரே, காது கேட்கும் கருவி மாட்டிய பெரியவர், அவர்தான் முனிரத்தினம். உங்களில் ஒருவர் சமநிலைக் கதையைச் சொல்லி முடித்ததும், சந்தோஷ் மாஸ்டர் மேடையில் பெல்ட்டை ஓடவிட்டு ஒரு குட்டைக் கத்தியைத் தேய்த்துக் காட்டினார். ஒரு கையில் மைக், ஒரு கையில் கத்தி. “தம்பி சொன்னது கரெக்ட். பேலன்ஸ்தான் முக்கியம்” என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. கை வாளியை மறந்தது. நுனியில் மஞ்சள் ஏறுவதைப் பின்வரிசையிலிருந்தே நான் பார்த்தேன்.

“நனைடா!”

கூடம் அதிர்ந்தது. சந்தோஷ் தலையைத் திருப்புவதற்கு முன்பே அவன் கை வாளிக்குள் போய்விட்டது. நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். பெரியவருக்கு ஏதோ குழப்பம் என்று நினைத்தீர்கள். அவன் சிரிக்கவில்லை. மைக்கைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கத்தியை முடிக்கும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

கூட்டம் கலைந்தபின் என்னிடம் வந்தான். தலைமுடி நரைத்திருந்தாலும் நின்ற விதம் அன்று துணியின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது போலவே இருந்தது.

“பசங்க கத கட்டறாங்க, நானும் தலையாட்டிட்டே இருக்கேன். நீங்களே எழுதிடுங்கக்கா. என் பேரப் போட்டே எழுதுங்க.”

போட்டுவிட்டேன். இனி அந்தக் கத்தி ஏன் குட்டை என்று யாராவது கேட்டால் மணிக்கட்டைக் காட்டாதீர்கள். வாளியைக் காட்டுங்கள்.